தேங்காயெண்ணெய் தடவி அடித்த புஷ்

என் மனைவிக்கு இடுப்பெலும்பில் நோய் இறங்கிவிட்டது என்று தெரிந்த அதே மாதத்தில்தான் என் காரின் முன்பக்கம் சத்தம் போட ஆரம்பித்தது. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் எழுதுவது எனக்கே அசிங்கமாக இருக்கிறது. ஆனால் அன்று என் புத்தி அப்படித்தான் வேலை செய்தது. ஒன்றுக்கு என்னால் எதுவும் செய்ய முடியாது, மற்றதற்கு முடியும். முடிந்ததைப் பிடித்துக்கொண்டு தொங்கினேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி. மணக்காட்டில் வாடகை வீடு. எனக்குச் சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம். ஐம்பத்தாறில் எல்லை பிரித்து எங்கள் ஊர் மதராஸோடு சேர்ந்தபோது கூட வேலை பார்த்த பாதிப் பேர் மதராஸ் சர்க்காருக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். நான் திருவனந்தபுரத்திலேயே தங்கிவிட்டேன். அரசாங்க ஆபீஸில் சூப்பரின்டெண்ட். மற்றவர்கள் எழுதும் ஃபைல்களில் குற்றம் கண்டுபிடிப்பது என் உத்தியோகம். சாயங்காலம் அந்தக் குணமும் என்னோடு வீட்டுக்கு வந்துவிடும். மூக்குக்கு மேல் கோபம். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ஆகவே கோபத்தின் முழுப் பங்கும் அவளுக்கே கிடைத்தது.

அவள் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அதிர்ந்து பேசமாட்டாள். சொல்ல வேண்டியதை ஒரு வரியில் சொல்லிவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விடுவாள். நான் கத்தும்போது, "போயி ரெண்டு நட்டு திருகிட்டு வாங்க, சரியாயிரும்" என்பாள். போய்த் திருகுவேன். பெரும்பாலும் சரியாகிவிடும்.

திருகுவதற்கு ஒரு கார் இருந்தது. வித்துராவுக்கு மேலே மலையில் ஒரு தேயிலை எஸ்டேட். அதன் வெள்ளைக்கார மேனேஜர் ஊருக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போன பழைய இங்கிலீஷ் வண்டி, இரண்டு கை மாறி என்னிடம் வந்தது. பச்சை நிறம், உருண்டை மூஞ்சி. எஸ்டேட் ரோட்டில் அதன் இரும்பெல்லாம் ஏற்கெனவே பாதி தேய்ந்திருந்தது. ஆனால் அதற்கென்று அச்சடித்த தடித்த புத்தகம் கூடவே வந்தது. அதைப் பார்த்துத்தான் நான் மயங்கினேன். அவள் வண்டிக்குத் 'தொரை' என்று பெயர் வைத்தாள். காலையில் கிளம்ப மறுத்தால், "தொரைக்கு இன்னும் காப்பி ஆவல போலிருக்கு" என்பாள். ஒரு மெக்கானிக்கும் அதைத் தொட நான் விட்டதில்லை. புத்தகம் இருக்கிறது, எனக்கு இங்கிலீஷ் தெரியும், கை இரண்டும் இருக்கிறது, வேறென்ன வேண்டும் என்று நினைத்தேன்.

நோய் முதலில் மார்பில் வந்தது. அறுத்து எடுத்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. தீர்ந்தது என்று இருவருமே நம்பியிருந்தோம். அந்த ஐப்பசியில் மாடிப்படி ஏற முடியாமல் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்துவிட்டாள். படம் எடுத்துப் பார்த்துவிட்டு, மெடிக்கல் காலேஜில் கரண்டு வைக்க வேண்டும் என்றார்கள். ரேடியேஷனை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வது. சனி ஞாயிறு நீங்கலாக நாலு வாரம், மொத்தம் இருபது நாள், நடுவில் ஒரு நாளும் விடக்கூடாது. டாக்டர் என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டு, இது நோயைத் தீர்க்க அல்ல, வலியைக் குறைக்க மட்டும்தான் என்றார். இருக்கிற நாட்கள் வலியில்லாமல் இருக்கட்டும், அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள் என்றார். நான் தலையாட்டினேன். வெளியே அவள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. அவளுக்குக் கணக்கு தெரியும்.

ஆக, செய்ய வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. அவளுக்கு வலிக்கக்கூடாது.

முதல் வாரம் அந்த ஒன்றைக்கூடச் செய்ய முடியவில்லை. மணக்காட்டிலிருந்து கிளம்பி, பழவங்காடிப் பிள்ளையார் முன்னால் அவள் கன்னத்தில் போட்டுக்கொள்ள ஒரு நொடி வண்டியை மெதுவாக்கி, பாளையம் தாண்டி, பட்டம், உள்ளூர் என்ற இடங்கள் வழியாக மெடிக்கல் காலேஜுக்குப் போவோம். மழைக்காலத்தில் அந்த ரோடு ரோடாக இருக்காது. ஒவ்வொரு குழியிலும் முன்பக்கத்திலிருந்து 'டொக்' என்று ஒரு இடி கேட்கும். பின் சீட்டில் தலையணைகள் அடுக்கி அவளைச் சாய்த்திருந்தேன். சத்தம் வரும்; உடனே கண்ணாடியில் அவள் முகம் சுருங்கும். வாயைத் திறக்கமாட்டாள். கதவுப் பிடியைப் பிடித்திருந்த விரல்கள் மட்டும் வெளுத்துப்போகும். பக்கத்து வீட்டில், டாக்ஸி பிடித்துக்கொள்ளலாமே என்றார்கள். வாசலில் சொந்தக் கார் நிற்கும்போது டாக்ஸியா? எனக்குச் சுருக்கென்றது.

அந்த இடி எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். முன் சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கைகள் வண்டியின் அடிச்சட்டத்தில் மாட்டியிருக்கும் இடத்தில், இரும்பும் இரும்பும் மோதாமல் இருக்க நடுவில் ஒரு ரப்பர் வளையம் உண்டு. அதுதான் புஷ். பக்கத்துக்கு இரண்டாக நாலு. ரப்பர் தேய்ந்து போனால் கைக்குப் பிடிப்பு போய்விடும், குழியில் விழும்போதெல்லாம் இரும்பு இரும்பை அடிக்கும். மாற்றிவிட்டால் தீர்ந்தது. வெள்ளிக்கிழமை மத்தியானம் கழற்ற ஆரம்பித்தால், திங்கள் காலை எட்டு மணிக்குள் மாட்டிவிடலாம். கிள்ளிப்பாலத்தில் திருநெல்வேலிக்காரர் ஒருவர் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தார். அவரிடம் விசாரித்தபோது, கையில் வேலை இருக்கிறது, புதன்கிழமை தருகிறேன் என்றார். அதுவே எனக்குச் சாக்காகப் போயிற்று.

சாலை பஜாரில் ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளில் ஏறி இறங்கினேன். அந்த வண்டிக்கு ஒரிஜினல் எங்கும் இல்லை. கடைசியில் ஒரு கடைக்காரர் உள்ளே போய்த் தேடி, பக்கத்திலேயே எங்கோ அச்சில் வார்த்த நாலு புஷ்களைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். ரப்பர் விளையும் நாட்டில் ரப்பருக்கு என்ன பஞ்சம் என்று சிரித்தார். நான் படியிறங்கும்போது பின்னாலிருந்து, "சாரே, சோப்பு வெள்ளம் தொட்டு அடிச்சா மதி, எண்ண வேண்டா கேட்டோ" என்றார். புஷ் அடிக்கும்போது வழுக்குவதற்குச் சோப்புத் தண்ணீர் போதும், எண்ணெய் கூடாது என்று அர்த்தம். புஷ் விற்கிறவன் எனக்கு வேலை சொல்லித் தருகிறானா என்று நினைத்துக்கொண்டு நடையைக் கட்டினேன்.

சனிக்கிழமை முழுக்க நான் வண்டிக்கு அடியில் கிடந்தேன். கொல்லைப்பக்கம் வண்டியைக் கொண்டுபோய், ஜாக்கியில் தூக்கி, பலா மரத் துண்டுகளை அண்டை கொடுத்து, முன் சக்கரங்களைக் கழற்றினேன். பழைய புஷ் இரும்போடு ஒட்டிக் கிடந்தது. ஆக்ஸா பிளேடால் அறுத்து, உளியால் பெயர்த்து, துண்டு துண்டாக எடுத்தேன். மழை நின்று நின்று பெய்தது. முதுகுக்கடியில் விரித்த சாக்கு சேறாகிவிட்டது. அவள் கதவுக்கு உள்ளே ஒரு நாற்காலியில் தலையணை வைத்து உட்கார்ந்து, பார்த்துக்கொண்டே இருந்தாள். படுக்கச் சொன்னால் கேட்கவில்லை.

"தொரைக்கும் ஆப்ரேஷனா?" என்றாள்.

"இடுப்பு மாத்துறேன்" என்றேன்.

சிரித்தாள். சிரித்தால் வலிக்கும் என்பது இருவருக்கும் மறந்துவிட்டது. சிறிது நேரம் அவள் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு குனிந்தே இருந்தாள். நான் அடியிலிருந்து அவள் பாதங்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை புதிய புஷ்ஷை உள்ளே ஏற்ற வேண்டும். இறுக்கமான ஓட்டை, கெட்டியான ரப்பர். நீளமான போல்ட்டு, வாஷர், ஒரு துண்டுக் குழாய் எல்லாம் வைத்து மாட்டி இழுத்துப் பார்த்தேன். பாதி வழியில் மடங்கிக்கொண்டு நின்றது. சோப்புத் தண்ணீர் தொட்டேன். அது காய்ந்துபோய் இன்னும் பிடித்துக்கொண்டது. எரிச்சல் தலைக்கேறிற்று. அந்த ஊரில் கதவு கிறீச்சிட்டாலும், கையில் பலாப்பால் ஒட்டினாலும், தலைவலித்தாலும், மோதிரம் விரலில் சிக்கினாலும் எல்லாவற்றுக்கும் ஒரே மருந்துதான். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். "தேங்காயெண்ணெ எடு" என்று கத்தினேன். அவளுக்கு எழுந்திருப்பதே பெரும்பாடு என்பதைக்கூட நினைக்கவில்லை. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு அடுக்களைக்குப் போய்க் குப்பியை எடுத்து வந்தாள்.

"கடக்காரரு எண்ணெ வேண்டாம்னு சொன்னாருன்னு சொன்னியள்லா?"

"அவனுக்கு என்ன தெரியும்? விக்க மட்டும்தான் தெரியும். நீ ஊத்து."

அவள் ஊற்றினாள். என் உள்ளங்கை நிறைய வாங்கி நாலு புஷ்ஷுக்கும் தடவினேன். வழுக்கிக்கொண்டு உள்ளே போயிற்று. நாலு புஷ்ஷையும் முக்கால் மணி நேரத்தில் ஏற்றிவிட்டேன். அந்தச் சந்தோஷத்தில் நான் அவளுடைய கன்னத்தில் எண்ணெய்க் கையை வைத்துவிட்டேன். அவள் துடைத்துக்கொள்ளவில்லை.

இனி நட்டுகளை முறுக்க வேண்டியதுதான் பாக்கி. அங்கே புத்தகத்தில் ஒரு வரி இருந்தது. நட்டுகளைக் கையால் மட்டும் மாட்டிவிட்டு, சக்கரங்களைப் போட்டு, வண்டியைத் தரையில் இறக்கி, அதன் முழு பாரமும் சக்கரத்தில் இருக்கும்போதுதான் கடைசி முறுக்கு முறுக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. படித்தேன். படிக்கவில்லை என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் சர்க்கார் உத்தரவுகளைப் படித்துப் படித்து எனக்கு ஒரு பழக்கம் வந்திருந்தது. ஒவ்வொரு உத்தரவின் அடியிலும் நாலு வரி இருக்கும், யாரும் அதைக் கடைப்பிடிப்பதில்லை, எழுதியவனும் எதிர்பார்ப்பதில்லை. இதையும் அந்தக் கணக்கில் சேர்த்தேன். தரையில் இறக்கிய வண்டிக்கு அடியில் என் தொந்தியோடு நுழைவது லேசில்லை, மழை வேறு வந்துவிட்டது. வண்டி அந்தரத்தில் தொங்கும்போதே நாலு நட்டையும் பலம் கொண்ட மட்டும் முறுக்கினேன். ஆறு மணிக்குச் சக்கரம் மாட்டி இறக்கிவிட்டேன்.

திங்கள்கிழமை காலை சத்தமே இல்லை. பட்டம் தாண்டியதும் பெரிய குழி ஒன்று உண்டு. அதில் வேண்டுமென்றே விட்டேன். 'தொப்' என்று மெத்தையில் விழுந்தது போல இறங்கி ஏறிற்று. "பாத்தியா?" என்றேன். கண்ணாடியில் பார்த்தால் தூங்கியிருந்தாள். மூன்று வாரமாக ராத்திரிகூட அப்படித் தூங்கியதில்லை. ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அழுதுகொண்டே, இந்த ஊரில் இத்தனை மெக்கானிக் இருந்து என்ன பிரயோஜனம் என்றும் நினைத்தேன். அன்று ஆபீஸில் கேட்டவர்கள் கேட்காதவர்கள் எல்லோரிடமும் புஷ் மாற்றிய கதையைச் சொன்னேன்.

செவ்வாயும் புதனும் நன்றாகவே போயிற்று. வியாழக்கிழமை, உள்ளூர் இறக்கத்தில், அவள் பின்னாலிருந்து மெதுவாகச் சொன்னாள்.

"அந்தச் சத்தம் திரும்ப வந்துட்டு போல இருக்கே."

"எந்தச் சத்தம்?"

"அதேதான். டொக்குன்னு."

எனக்கும் கேட்டிருந்தது. காது கேட்டதை மனசு வாங்கிக்கொள்ளவில்லை. இரண்டு நாள் சேற்றில் புரண்டு செய்த வேலை. ஆபீஸ் முழுக்கப் பெருமையடித்த வேலை. சட்டென்று கோபம் வந்தது. அப்போது என் வாயிலிருந்து வந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன், மழுப்ப ஒன்றுமில்லை.

"வண்டியில ஒரு சத்தமும் இல்ல. புத்தம் புது புஷ்ஷு. சத்தம் போடுறது உன் எலும்பாக்கும்."

அதற்குப் பிறகு அந்தச் சத்தத்தைப் பற்றி அவள் ஒரு வார்த்தையும் பேசவில்லை. பேசாததை, சரியாகிவிட்டது என்று நான் எடுத்துக்கொண்டேன். எனக்கு அது வசதியாக இருந்தது.

மூன்றாம் வாரத்தில் டாக்டர் அவளைப் பரிசோதித்தார். நான் பக்கத்தில் நின்றேன். "வேதன குறஞ்ஞோ?" என்று கேட்டார். வலி குறைந்திருக்கிறதா என்று. அவள் டாக்டரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். பிறகு, "குறஞ்ஞு" என்றாள். வண்டியில் வரும்போது சிரமம் உண்டா என்று கேட்டார். அதற்கு நானே முந்திக்கொண்டு, முன்னால் இருந்தது, இப்போது புஷ் மாற்றிவிட்டேன், நானே மாற்றினேன் என்று விவரித்தேன். நல்ல மனிதர், பொறுமையாகக் கேட்டார். வலி குறைந்திருப்பது நல்ல அறிகுறி என்று சொல்லி, ஒரு நாளைக்கு நாலு வலி மாத்திரை என்று இருந்ததை இரண்டாகக் குறைத்து எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டை நான்தான் வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். திரும்பும்போது எனக்கு ஒரே உற்சாகம். பழவங்காடியில் இறங்கித் தேங்காய் உடைத்தேன். அவள் வண்டிக்குள்ளிருந்தே கும்பிட்டாள்.

அந்த வாரம் அவள் வண்டியில் முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக்கொள்ள ஆரம்பித்தாள். பெட்ரோல் நாற்றம் என்று காரணம் சொன்னாள். வண்டியில் பெட்ரோல் கசியவில்லை என்பதை மட்டும் நான் இரண்டு முறை குனிந்து சரிபார்த்தேன்.

நாலாம் வாரம் செவ்வாய்க்கிழமை, ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது வண்டி இடது பக்கமாக இழுத்தது. ஸ்டீரிங்கைப் பிடித்து நிறுத்த முடியவில்லை. அவளை எப்படியோ வீட்டில் இறக்கிவிட்டு நேரே கிள்ளிப்பாலம் போனேன். வேறு வழியில்லாமல்தான் போனேன். திருநெல்வேலிக்காரர் பீடியை அணைத்துக் காதில் சொருகிக்கொண்டு, வண்டியைத் தூக்கி அடியில் பார்த்தார். வெளியே வந்தபோது அவர் கையில் கறுப்பாக ஏதோ இருந்தது. என் புஷ். இரண்டு வாரம் எண்ணெயில் ஊறிப் பருத்து, பழைய ஊறுகாய் மாங்காய் போல விரலில் நசுங்கியது. நடுவில் கிழிந்து திறந்திருந்தது.

"இத யாரு மாட்டுனது, அண்ணாச்சி?"

"நான்தான்."

"எண்ணெ போட்டியளோ?"

"தேங்காயெண்ணெ."

அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். "ரப்பருக்கு எண்ணெ ஆவாது அண்ணாச்சி, தின்னுரும். அது போக, வண்டியத் தூக்கி வச்சு முறுக்கியிருக்கிய. தொங்குத நெலையில முறுக்குனா, எறக்குனதும் ரப்பரு முறுகிக்கிட்டே நிக்கும். நாலாம் நாளே கிழிஞ்சிருக்கும். இங்க பாருங்க, இரும்புல இரும்பு அடிச்ச பள்ளம்." கையை விட்டுக் காட்டினார். விரல் நுழையும் அளவுக்குப் பள்ளம். "பழைய புஷ்ஷே தேவலன்னு ஆயிருக்கும். இந்த அடி அடிக்கையில உள்ள இருந்தவங்க எப்படி இருந்தாங்க?"

நாலாம் நாள் என்றால், அவள் சத்தம் கேட்கிறது என்று சொன்ன அந்த வியாழக்கிழமை. நானும் விட்டுப் பார்த்த விரல் அந்தப் பள்ளத்திலேயே இருந்தது. வண்டியை அங்கேயே விட்டுவிட்டு மணக்காடு வரை நடந்தேன். பஸ் பிடிக்கத் தோன்றவில்லை.

அவள் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். எண்ணெய், முறுக்கு, புத்தகத்தின் அந்த வரி, பள்ளம் எல்லாம். கடைசியில், எனக்கே வெட்கமில்லாமல், அவளிடம் ஒரு கேள்வியும் கேட்டேன்.

"நீ ஏன் சொல்லல?"

"சொன்னேன்லா."

"ஒரு தடவ சொன்ன. அதுக்கப்புறம்?"

என்னைக் குத்திக்காட்ட வேண்டும் என்று அவள் முகத்தில் ஒன்றுமே இல்லை. கணக்கு ஏன் தப்பாயிற்று என்று பிள்ளைகளுக்குச் சொல்லும்போது இருக்கும் முகம்தான்.

"நீங்க எலும்புன்னு சொன்னிய. ஒருவேள அப்படித்தானோன்னு நானும் நெனச்சிட்டேன். டொக்குன்னு கேக்கும்போதெல்லாம் எனக்க எலும்பு உள்ள ஒடியுதுன்னு நெனச்சிட்டு இருந்தேன். பயமா இருந்துது. டாக்டர்ட்ட சொன்னா ஒடிஞ்சிட்டுன்னு சொல்லிருவாரோன்னு அங்கயும் சொல்லல."

நான் தலையைக் கட்டில் சட்டத்தில் வைத்துக்கொண்டேன். ஒன்பது நாள், போக வர, எத்தனை குழி என்று எண்ண ஆரம்பித்தேன், நிறுத்திக்கொண்டேன். அவளுடைய கை என் தலைமேல் வந்து விழுந்தது. "வண்டிதான்னு தெரிஞ்சது நல்லதாப் போச்சு" என்றாள். அவள் அதை நிஜமாகவே ஆறுதலாகச் சொன்னாள். அவளுக்கு அது நல்ல செய்தியாக இருந்தது. அதை என்னால் இன்றுவரை தாங்க முடியவில்லை.

அவள் போனது அதற்கு மூன்றரை மாதம் கழித்து. அதைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. காரைத் திருநெல்வேலிக்காரரே சரிசெய்து, அவரே ஆள் பார்த்து விற்றும் கொடுத்தார். நான் மறுபடி அதில் ஏறவில்லை. எழுத வேண்டியது கரண்டு வைக்க மிச்சமிருந்த மூன்று நாட்களில் முதல் நாளைப் பற்றி. புதன்கிழமை நான் டாக்ஸி பிடித்தேன்.

டிரைவர் ஐம்பது வயது இருக்கும் ஒரு மலையாளி. வண்டி ஒன்றும் புதிதல்ல. சீட்டில் கிழிசல், கதவு ஒருமுறை சாத்தினால் மூடாது. நான் அவளைத் தூக்கி உள்ளே வைப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றவர், "அம்மைக்கு எவிடயா வேதன?" என்று கேட்டார். எங்கே வலி என்று. என்னைக் கேட்கவில்லை, அவளைக் கேட்டார். அவள் இடுப்பைத் தொட்டுக் காட்டினாள். அவர் தலையாட்டிவிட்டு வண்டியை எடுத்தார். முதல் குழி வந்தது. அவர் வண்டியை ஏறக்குறைய நிறுத்தினார். முன் சக்கரம் ஒன்றை இறக்கி, ஏற்றி, பிறகு அடுத்ததை இறக்கி, ஏற்றி, பின் சக்கரங்களையும் அதேபோல் எடுத்தார். அடுத்த குழியிலும் அப்படியே. கிழக்கேகோட்டையில் பின்னால் பஸ்கள் ஹார்ன் அடித்தன. ஒருத்தன் தலையை நீட்டித் திட்டினான். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நான் முன் சீட்டில் வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து மணிக்கு அங்கே இருக்க வேண்டும். முந்தின நாள் சாயங்காலம் அத்தனையும் கேட்ட பிறகும், பாளையத்தில் வைத்து எனக்குப் பொறுமை போயிற்று. சொல்லவே கூச்சமாக இருக்கிறது. "கொஞ்சம் சீக்கிரம் போகணும், டைம் ஆச்சு" என்றேன்.

டிரைவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு கண்ணாடியில் அவளைப் பார்த்தார். "அம்மே, வேகம் போணோ?" என்று கேட்டார், வேகமாகப் போக வேண்டுமா என்று.

இருபது வருடம் அவளோடு குடித்தனம் செய்தவன் நான். ஒரு புத்தகத்தின் நூறு பக்கம் படித்தேன், நாலு ரப்பர் தேடி ஊரெல்லாம் அலைந்தேன், இரண்டு நாள் சேற்றில் கிடந்தேன். குழி வந்தால் மெதுவாக ஓட்டலாம் என்று எனக்கு ஒருநாள்கூடத் தோன்றவில்லை. புஷ் நன்றாக இருந்த மூன்று நாளும் அதைக் காட்டுவதற்காகக் குழியில் விட்டேன். கெட்டுப்போன பிறகு, கெடவில்லை என்று காட்டுவதற்காக விட்டேன்.

அவள் தலையணையிலிருந்து தலையைத் தூக்கி, நல்ல தெளிவான குரலில் சொன்னாள்: "வேண்டாம். இங்ஙனயே போங்க. மெதுவாப் போனா மதி."

அந்த நாலு வாரத்தில் அவள் தனக்கென்று வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான். அதை அவள் என்னிடம் கேட்கவில்லை.